‘ஏன்’ என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்

நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை 1997-லேயே இயற்றிவிட்டது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் சேலம், நாமக்கல் பக்கம் ‘ஆர்.டி.ஐ. போடுவது’ பற்றிப் பல தவறான எண்ணங்கள் உலவுகின்றன. அவற்றால் நட்டப்படுவது கேட்க வேண்டிய மக்கள்தான்.

நம்பிக்கை: வக்கீல் வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும்.

உண்மை: வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலர் கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்வதை எழுத்தாக்க உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணமே இல்லை.

நம்பிக்கை: ‘எங்கள் ஊருக்கு ஏன் ரோடு போடவில்லை?’ என்று கேட்டால் பதில் வரும்.

உண்மை: பலருடைய விண்ணப்பம் வீணாவது இங்கேதான். ‘ஏன்’ என்று கேட்பது மனு. அதற்குத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் கிடைப்பது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணம். இல்லாத தகவலைத் திரட்டித் தரவோ, கருத்துச் சொல்லவோ அலுவலர் கட்டுப்பட்டவர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாக்கியது. தேர்வு எழுதியவர் தன் திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். ஆகவே ரோடு பற்றிக் கேட்பவர் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், பட்டுவாடா செய்த பில் ஆகியவற்றின் நகலை ஆண்டு குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். நேரில் போய்க் கோப்பைப் பார்க்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. போட்ட ஜல்லியின் மாதிரியைக்கூடச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். அளவுப் புத்தகத்தில் எழுதிய நீளத்தையும் ஊரில் இருக்கும் நீளத்தையும் ஒப்பிட்டாலே ‘ஏன்’ என்பதற்கு விடை கிடைத்துவிடும்.

நம்பிக்கை: எல்லா அலுவலகத்துக்கும் ஒரே முறை.

உண்மை: சேலம் உருக்காலையும் சேலம் ரயில்வே கோட்டமும் மத்திய அரசைச் சேர்ந்தவை. அங்கே கட்டண வில்லை செல்லாது. போஸ்டல் ஆர்டர் வைக்கலாம். விண்ணப்பம் அலுவலகம் மாறிப் போய்விட்டால், உரிய இடத்துக்கு 5 நாளுக்குள் அனுப்பிவைப்பது வாங்கியவர் பொறுப்பு.

நம்பிக்கை: கூட்டுறவுச் சங்கத்தில் எதையும் கேட்க முடியாது.

உண்மை: பாதி சரி. அரசின் கணிசமான நிதியோ கட்டுப்பாடோ இல்லாத சங்கம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்றது 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகம் வரும். பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய சங்கத் தகவலை அங்கே கேட்கலாம்.

நம்பிக்கை: பதில் வராவிட்டால் அவ்வளவுதான்.

உண்மை: 30 நாள் மௌனத்தைச் சட்டம் மறுப்பாகவே கணக்கில் கொள்கிறது. அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. கெடு தாண்டியபின் தரும் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது. தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்கலாம். முதல் மௌனத்தோடு நின்றுவிடுபவருக்கு இவற்றில் எதுவும் கிடைக்காது. விண்ணப்பம் அலுவலகத்தில் சேர்ந்த தேதியைக் குறித்து வையுங்கள். 30 நாள் கணக்கு அன்றிலிருந்து தொடங்குகிறது.