மார்பில் வலியா? காரணம் தசையாகவும் இருக்கலாம்



மார்பில் வலி வந்தால் பெண்களுக்கு முதலில் வரும் பயம் புற்றுநோய். வெட்கத்தால் கணவரிடமும் தாயாரிடமும்கூடச் சொல்லாமல் தவிப்பவர்கள் உண்டு. கட்டியோ வேறு மாற்றமோ இல்லாமல் வலி மட்டும் இருந்தால், அது புற்றுநோயாக இருப்பது அரிது. பல நேரங்களில் வலி மார்பகத்தில் தொடங்குவதே இல்லை. அதன் அடியிலுள்ள தசையிலும் எலும்பிலும் தொடங்குகிறது.

அது எப்படி?

மார்பகம் நெஞ்சுத் தசையின் மேல் அமைந்துள்ளது. அதற்கும் கீழே விலா எலும்புகள். இவை நடுநெஞ்செலும்புடன் குருத்தெலும்பால் இணைந்துள்ளன. தண்ணீர்க் குடம் தூக்குவது, துணி பிழிவது, குழந்தையை எப்போதும் ஒரே இடுப்பில் சுமப்பது, தையல் இயந்திரத்தில் நெடுநேரம் குனிந்திருப்பது, குனிந்தபடி பால் கொடுப்பது, விடாத இருமல் ஆகியவற்றால் அந்தத் தசையும் இணைப்பும் நோகும். முதுகுத்தண்டிலிருந்து விலா இடுக்கு வழியாக வரும் நரம்புகளே மார்பகத்துக்கும் உணர்ச்சி தருகின்றன. எனவே மேல்முதுகுக் கோளாறும் மார்பு வலியாகத் தெரியலாம். விலாக் குருத்தெலும்பு வீங்கி வலிப்பதை 1921-இல் ஜெர்மன் மருத்துவர் அலெக்சாண்டர் டீட்சே விவரித்தார். அந்த வீக்கத்தை மார்பகக் கட்டி என்று எண்ணிப் பயப்படுவோரும் உண்டு.

எப்படி அறிவது?

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இரு மார்பிலும் கனத்து வலித்து, மாதவிடாய் வந்ததும் குறைந்தால் அது ஹார்மோன் மாற்றத்தால் வருவது. தசை, எலும்பு வலி பெரும்பாலும் ஒரு பக்கமே இருக்கும். கையை உயர்த்தினால், திரும்பிப் படுத்தால், ஆழமாக மூச்சிழுத்தால் கூடும். ஒருக்களித்துப் படுத்து, மார்பகம் ஒதுங்கிய இடத்தில் விலா எலும்பை விரலால் அழுத்தும்போது அதே வலி வந்தால், காரணம் அங்கே இருக்கலாம். வலி வரும் நாட்களை இரண்டு மாதம் காலண்டரில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

என்ன செய்யலாம்?

வலி தரும் வேலைக்குச் சில நாள் ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், மார்பைச் சரியாகத் தாங்கும் உள்ளாடை ஆகியவை உதவும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை எடுக்க வேண்டாம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

மார்பிலோ அக்குளிலோ கட்டி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, தோல் ஆரஞ்சுத் தோல்போல் தடித்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. "வலிக்கவில்லையே" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. பாலூட்டும் தாய்க்கு மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலும் தாமதிக்க வேண்டாம். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி வந்தால் அது இதயமாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள்.

நம் அண்ணாமலை நகரில், முன்பு இராஜா முத்தையா மருத்துவமனையாக இருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இயங்கும் இடத்தில், முதலில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமெனத் தயங்காமல் கேளுங்கள். 30 வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை இலவசம்.

வெட்கம் நல்ல குணம். ஆனால் நோயை மறைக்க அது காரணமாகக் கூடாது. வீட்டு ஆண்களும் இதைப் படித்து, மனைவிக்கும் மகளுக்கும் துணையாகச் சென்று வாருங்கள். இன்ஷா அல்லாஹ், பயம் நீங்கும். சிகிச்சை தேவைப்பட்டால் அதுவும் காலத்தோடு கிடைக்கும்.