"பால் கொடுக்கிறியாம்மா?" – கேள்வியை முழுசா கேட்போம்



ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டி ஒரு கிராமத்தில் குழுக் கூட்டம். 3 மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்த உறுப்பினரிடம், "பிள்ளைக்குப் பால் கொடுக்கிறியாம்மா?" என்று கேட்டேன். "கொடுக்கிறேன் மேடம்" என்றார். 'ஆம்' என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பத்தே நாளில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. ராத்திரி தாய்ப்பால், பகலில் பாட்டிலில் தண்ணீர் கலந்த பசும்பால், நடுவில் "தாகமா இருக்கும்" என்று சர்க்கரைத் தண்ணி. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. என் கேள்விதான் அரைகுறை. நல்லவேளை, குழந்தை பிழைத்துக்கொண்டது. அதனால்தான் இந்த மாதப் பாடம் ஒரு சொல்லைப் பற்றி.

பாலூட்டுதல் என்றால் என்ன?

நாமே சாப்பிட்டால் 'உண்ணுதல்'. பிறரை உண்ண வைத்தால் 'ஊட்டுதல்'. சோறும் ஊட்டுவோம், பாலும் ஊட்டுவோம். ஆனால் பழைய நூல்களில் முலைத்தாய், ஊட்டுந்தாய், கைத்தாய், செவிலித்தாய் என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. மார்பில் பால் கொடுப்பவள் வேறு, சோறு ஊட்டுபவள் வேறு. அந்தச் செவிலி என்ற சொல்லைத்தான் இன்று ஆஸ்பத்திரி நர்சுக்குச் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் 'நர்ஸ்' என்ற சொல்லுக்குக் குழந்தைக்குப் பாலூட்டுவது என்ற பொருள் உண்டு.

இன்று நமக்கு 'முலை' என்று சொல்லக் கூச்சம். அதனால் எல்லாவற்றையும் 'பால்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். தாய்ப்பாலும் பால், பசும்பாலும் பால், டப்பாப் பாலும் பால். கேட்பவருக்கும் புரியாது, சொல்பவருக்கும் புரியாது. கடைசியில் கஷ்டப்படுவது குழந்தை.

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் 'தாய்மார்கள் பாலூட்டும் அறை' என்று பலகை மாட்டியே அறைகள் திறந்தது. அதே ஆண்டில் திருச்சி அரசு மருத்துவமனையில் 'தாய்ப்பால் வங்கி' வந்தது. வங்கி என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் அதிகம் உள்ள தாய்மார் கொடுப்பதைப் பதப்படுத்தி, குறைமாதக் குழந்தைகளுக்கும் தாயிடம் பால் கிடைக்காத குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று சொற்கள்

1. சீம்பால்: பசு கன்று போட்டால் சீம்பாலை வெல்லம் போட்டுக் காய்ச்சி அக்கம்பக்கம் எல்லோருக்கும் கொடுக்கிறோம். ஆனால் பெற்றவளின் சீம்பாலை 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டுகிறோம்! கன்றுக்கு உள்ள நியாயம் நம் பிள்ளைக்கும் உண்டு. பிறந்த 1 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. அதற்கு முன் தேன், சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால் எதுவும் வேண்டாம்.

2. மட்டும்: முதல் 6 மாதம் 'தாய்ப்பால் மட்டும்'. தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலில் 100-க்குச் சுமார் 87 பங்கு தண்ணீர்தான். சித்திரை வெயிலிலும் அதுவே போதும். சொட்டு மருந்தும் டாக்டர் சொன்ன மருந்தும் கொடுக்கலாம். "பால் பத்தலை" என்று உடனே பாட்டிலைத் தேடாதீர்கள். ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பியவர்களுக்குத் தெரியும், இறைக்க இறைக்கத்தான் ஊறும். குழந்தை சப்பச் சப்பப் பால் சுரக்கும். ஒரு நாளைக்கு 6 தடவைக்கு மேல் சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். எடை ஏறாவிட்டால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

3. பால் மறக்கடித்தல்: 6 மாதம் முடிந்தால் இணை உணவு தொடங்க வேண்டும். ஆனால் அப்போதே மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பாலை மறக்கடிக்கக் கூடாது. உணவோடு சேர்த்து 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம்.

ஊட்டுபவளுக்கு யார் ஊட்டுவது?

நம் மலைக்கோட்டை சாமிக்குத் தாயுமானவர் என்று ஏன் பெயர்? காவிரியில் வெள்ளம், பிரசவத்துக்குத் துணையாக வரவேண்டிய தாயால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. பெற்றவளுக்கும் ஒரு தாய் வேண்டும் என்பதை நம் ஊர்க் கதையே சொல்கிறது. அந்தக் கிராமத்துப் பெண் ஏன் பகலில் பாட்டில் கொடுத்தாள்? பிரசவமான 2 மாதத்திலேயே களையெடுக்கப் போனாள். தவணை கட்ட வேண்டும் என்ற பயம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று குழுத் தலைவி சொன்னார். நாமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவில் கைக்குழந்தை உள்ள உறுப்பினர் யார் யார்?
• அவர்களிடம் "பால் கொடுக்கிறியா?" என்று நிறுத்தாமல், "நேத்து காலையிலிருந்து இன்னைக்குக் காலை வரை பிள்ளைக்கு என்னென்ன கொடுத்தே?" என்று கேளுங்கள். குற்றம் சொல்வது போல வேண்டாம்; பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.
• அவர்கள் வேலைக்குப் போகாமல் இருக்க, தவணையைத் தள்ளி வைக்கத் தீர்மானம் போட முடியுமா?
• மாமியாரையும் வீட்டுக்காரரையும் ஒரு கூட்டத்துக்கு அழைக்கலாமா?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வரும்போது நானும் முழுசாகக் கேட்கிறேன்.