பழைய டிராக்டரில் ரேஸ் சரியில்லையா? பம்பை அவிழ்க்கும் முன் ராடைப் பாருங்கள்

பல கை மாறிய பழைய டிராக்டர்கள் இன்றும் நம் கிராமங்களில் உழைத்து வருகின்றன. மாசி பெர்குசன், மகிந்திரா பி-275, 1971இல் பிஞ்சூரில் உற்பத்தி தொடங்கிய எச்.எம்.டி., 1974இல் வந்த சுவராஜ் எனப் பல வகை. இவற்றில் அடிக்கடி வரும் குறை, ரேஸ் சரியாக ஏறாததும், ஏறிய ரேஸ் நிற்காததும், குறைத்தால் குறையாததும் ஆகும்.

இக்குறை கண்டதும் டீசல் பம்பைக் கழற்றி டவுனுக்கு எடுத்துச் செல்பவர்கள் உண்டு. பம்பு வேலை என்றால் செலவு ஒரு பக்கம். வண்டி நிற்கும் நாட்கள் இன்னொரு பக்கம். ஈரம் இருக்கும் இரண்டு நாளில் உழுது கடலை போட வேண்டிய மானாவாரி உழவருக்கு இரண்டாவது நட்டமே பெரிது. எனவே முதலில் கை லீவரில் தொடங்கி பம்பு வரை செல்லும் ராடு, பின், ஸ்பிரிங் ஆகியவற்றைச் சோதிப்பது நலம். இதற்கு ஸ்பேனர், கொறடு, சாக்பீஸ் போதும்.

ரேஸ் வேலை செய்யும் விதம்

லீவரை இழுத்தால் டீசல் நேராகக் கூடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. எஞ்சின் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று பம்பில் உள்ள கவர்னருக்கு லீவர் சொல்கிறது. பாரம் கூடும்போது டீசலைக் கூட்டுவதும், குறையும்போது குறைப்பதும் கவர்னரின் வேலை. லீவர் சொல்லும் சேதியைப் பம்புக்குக் கொண்டு செல்வது ராடு. ராடு தளர்ந்தால் பம்பு புதிதாக இருந்தும் பயனில்லை.

கை லீவர், கால் பெடல் இரண்டும் ஒரே பம்பு லீவரை அசைக்கின்றன. கை லீவர் எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழே கால் பெடல் வராது. ஆகவே 'பெடல் திரும்பவில்லை' என்றால் கை லீவர் முழுதும் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சாக்பீஸ் சோதனை

பாரத்தில் ரேஸ் இறங்குகிறதா? கை லீவர் நிற்கும் இடத்திலும், பம்பு லீவர் நிற்கும் இடத்திலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். வண்டியைச் சிறிது நேரம் பாரத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள்.

கை லீவரே கோட்டை விட்டு நகர்ந்திருந்தால், அதன் அடியில் உள்ள பிடிப்புத் தட்டு தேய்ந்துள்ளது அல்லது ஸ்பிரிங் தளர்ந்துள்ளது. எஞ்சின் அதிர்வில் லீவர் தானே இறங்குகிறது.

கை லீவர் அசையாமல் பம்பு லீவர் மட்டும் நகர்ந்திருந்தால் நடுவில் உள்ள பின், பால் ஜாயின்ட், ராடு ஆகியவற்றில் குறை.

இரண்டு கோடும் மாறாமல் எஞ்சின் மட்டும் இறங்கினால் ராடின் மீது குற்றமில்லை. டீசல் பில்டர், ஏர் கிளீனர், டீசல் லைனில் காற்று ஆகியவற்றைப் பார்த்து, அதன் பிறகே பம்பைச் சந்தேகிக்கலாம்.

எங்கே தேய்கிறது?

புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணும் சரளைத் தூசியும் எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் ஒட்டி, உப்புத்தாள் போல் பின்னை அரைக்கின்றன. கண்மாய்ப் பாசன வயலில் கேஜ் வீல் போட்டுச் சேற்றுழவு செய்தால் சேறு தெறித்துப் பெடல் ஷாப்டில் காய்ந்து இறுகும். வட்டமான ஓட்டை நாளடைவில் முட்டை வடிவாகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஐந்து இணைப்புகளில் இணைப்புக்கு 1 மி.மீ. ஆட்டம் என்றால் மொத்தம் 5 மி.மீ. பம்பு லீவரின் முழு ஓட்டம் 25 மி.மீ. என்று வைத்துக் கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு வீண். எஞ்சின் வேகமும் அதே போல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், 540 சுற்று வர வேண்டிய பி.டி.ஓ. 432 சுற்றே வரும். கதிரடிக்கும் இயந்திரத்தின் காற்றாடி வேகம் குறைந்து, மணியோடு தூசியும் பதரும் கலந்து விழும். குற்றம் இயந்திரத்தில் இல்லை, பின்னில் இருக்கிறது.

சரிசெய்யும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிரேக் போட்டு, பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை நிறுத்துங்கள்.

1. ராடைப் பம்பு லீவரிலிருந்து கழற்றுங்கள். பம்பு லீவரைக் கையால் அசைத்துப் பாருங்கள். தடங்கலின்றி இரு கோடியிலும் உள்ள ஸ்குரூவைத் தொட வேண்டும். இங்கேயே இறுகினால் பம்பு மெக்கானிக்கை அழைப்பதே முறை.

2. பம்பு லீவர் நன்றாக அசைந்தால், கழற்றிய நிலையில் கை லீவரையும் பெடலையும் தனியே இயக்குங்கள். இறுகும் இடத்தை டீசலால் கழுவித் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஆனால் கை லீவரின் பிடிப்புத் தட்டில் எண்ணெய் படக் கூடாது. பட்டால் லீவர் நிற்காது.

3. தேய்ந்த பின்னையும் பால் ஜாயின்டையும் மாற்றுங்கள். முட்டையான ஓட்டையை லேத் பட்டறையில் பெரிதாக்கிப் புஷ் போடலாம். பின்னுக்குப் பதில் ஆணியோ கட்டுக் கம்பியோ போடாதீர்கள். அது நழுவினால் ரேஸ் ஏறிய நிலையிலேயே மாட்டிக் கொள்ளலாம். வளைந்த ராடை நிமிர்த்துங்கள். விரிசல் கண்டால் மாற்றி விடுங்கள்.

4. ராடை மாட்டி நீளத்தைச் சரிசெய்யுங்கள். கை லீவர் குறைந்த கோடியில் இருக்கும்போது பம்பு லீவர் கீழ் ஸ்குரூவைத் தொட வேண்டும். கூடிய கோடிக்கு வருவதற்குச் சற்று முன்பே மேல் ஸ்குரூவைத் தொட வேண்டும். பிறகு லாக் நட்டை இறுக்கி, காட்டர் பின் போடுங்கள்.

5. பெடலை முழுதும் அழுத்திப் பாருங்கள். பம்பு லீவர் மேல் ஸ்குரூவைத் தொட்டதும் பெடல் தன் தடுப்பு போல்ட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காலின் பலம் முழுதும் பம்பு ஷாப்டின் மேல் விழும்.

6. கை லீவர் அதிர்வில் நகராத அளவுக்கு மட்டும் பிடிப்பு நட்டை இறுக்குங்கள்.

இந்த வேலை முடியும் முன் பம்பின் ஸ்குரூக்களைத் தொடாதீர்கள். மேல் ஸ்குரூவில் கம்பியும் ஈயமும் வைத்து சீல் போட்டிருப்பார்கள். அதை உடைத்து ரேஸைக் கூட்டினால், எஞ்சின் தாங்கும் வேகத்தைத் தாண்டும். கனெக்டிங் ராடு உடைந்து செலவு பன்மடங்காகும்.

இன்னொன்று: எஞ்சினை நிறுத்தும் குமிழ் முழுதும் உள்ளே போகாமல் நின்றாலும் டீசல் குறைந்து இழுவை குறையும். அதன் கேபிளையும் பாருங்கள்.

ரேஸ் தானே ஏறினால்

பதற்றம் வேண்டாம். நிறுத்தும் குமிழை இழுங்கள். நிற்காவிட்டால், வண்டி ஓட்டத்தில் இருந்தால் உயர்ந்த கியரில் பிரேக்கை முழுதும் அழுத்திக் கிளட்சை மெல்ல விட்டு எஞ்சினை அடக்கலாம். முன்னால் ஆள் இருக்கக் கூடாது. நின்ற வண்டியானால் ஏர் கிளீனர் வாயைத் தட்டைப் பலகையால் மூடுங்கள், கையால் மூடாதீர்கள். டீசல் டேங்க் குழாயை மூடுவது மட்டும் போதாது. பில்டரில் உள்ள டீசல் தீரும் வரை எஞ்சின் ஓடும்.

ஆயில் பாத் ஏர் கிளீனரில் குறிக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் ஆபத்து. அந்த எண்ணெயை இழுத்துக் குடித்தே எஞ்சின் தறிகெட்டு ஓடக் கூடும். எஞ்சின் ஓடும்போது சோதிப்பவர் தோள் துண்டைக் கழற்றி வைத்து, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் விலகி நிற்க வேண்டும். மற்றொருவர் நிறுத்தும் குமிழ் அருகில் இருக்கட்டும்.

உதிரி பாகம்

எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் முடிவு செய்தது. அந்த வண்டிக்காரர்கள் புதுச் சாமானுக்கு அலைவதை விட, பழைய பின்னை மாதிரியாகக் கொடுத்து லேத்தில் கடைந்து கொள்வது எளிது. ஸ்பிரிங் வாங்கும்போது நீளம் மட்டுமின்றிக் கம்பியின் கனமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சேற்றுழவு முடிந்த அன்றே ராடையும் பெடல் ஷாப்டையும் கழுவித் துடையுங்கள். மாதம் ஒரு முறை ஒவ்வொரு இணைப்பையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். பட்டத்துக்கு முன் பத்து நிமிடம் செலவிட்டால் ஈரம் காயும் வரை மெக்கானிக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.