பிங்க் பனியன் போடும் முன்...

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக, பெண்கள் மட்டும் ஓடும் 'பிங்கத்தான்' 2012-ல் மும்பையில் தொடங்கியது. மிலிந்த் சோமன் முன்னெடுத்த அந்த ஓட்டம் பிறகு சென்னைக்கும் வந்தது.

அதில் கலந்துகொள்ளப் பயிற்சியை ஊரிலேயே தொடங்கலாம். அரியலூர்ப் பக்கம் என்றால், சுண்ணாம்புக்கல் லாரிகள் பறக்கும் சாலை வேண்டாம். விடிகாலையில் பள்ளி மைதானம் போதும். ஓடித்தான் ஆக வேண்டும் என்றில்லை, நடந்தாலும் ஓட்டம்தான்!

சிகிச்சை முடித்தவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும். அதில் வளையல், மோதிரம் வேண்டாம். பையை மறுதோளில் மாட்டுங்கள். எண் அட்டையின் ஊக்கு தழும்பில் உரசக் கூடாது. கீமோவால் பாதம் மரத்திருந்தால் புது ஷூ வேண்டவே வேண்டாம். ஓடி முடித்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளம் வந்திருப்பதே தெரியாது.

துணைக்கு வருபவர், சிகிச்சை முடித்தவரின் வேகத்துக்கே நடக்கட்டும். கேட்காமல் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது தவறு.

ஓட்டத்துக்குப் பெரம்பலூரிலிருந்து கிளம்புபவர்களுக்கு அங்கே ரயில் நிலையம் இல்லை. அரியலூரில் ஏறி, முந்தைய நாளே சென்னை சேர்ந்து நன்றாகத் தூங்குங்கள்.

திரும்பி வந்ததும், 30 வயது தாண்டிய பக்கத்து வீட்டு அக்காவையும் அரசு மருத்துவமனையின் இலவச மார்பகப் பரிசோதனைக்குக் கையோடு அழைத்துப் போங்கள்.