திரையில் திரளும் மேகம்: சிமுலேட்டர் வானிலையை எவ்வளவு நம்பலாம்?

முன்னுரை

மேகம் வரையச் சொன்னால் தமிழ்ப்பள்ளி மாணவர் எவரும் நான்கைந்து வளைவுகளைச் சேர்த்து, உள்ளே சாம்பல் நிறம் தீட்டிவிடுவார். நெடுங்காலம் கணினியும் ஏறக்குறைய அதைத்தான் செய்து வந்தது. ஆனால் இன்று வீட்டுக் கணினியில் இயங்கும் ஃப்ளைட் சிமுலேட்டரில் மேகம் உண்மையான மேகம் போலவே ஒளிர்கிறது, இருள்கிறது, ஓடுபாதையை மறைக்கிறது. இம்மேகம் எவ்வாறு உருவாகிறது? பினாங்கு வானத்தை அது உள்ளபடி காட்டுகிறதா? இவ்விரு கேள்விகளுக்கு விடை காண்போம்.

1. அட்டை மேகம்

2003-இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004, முப்பரிமாண மேகங்களுக்காகப் பேசப்பட்டது. அம்மேகங்களை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றியவர் நினியான் வாங் என்ற பொறியாளர். அவரது முறை எளிமையானது. ஒவ்வொரு மேகமும் பஞ்சு போன்ற பல தட்டையான படங்களின் குவியல். நாம் எங்கே பறந்தாலும் அப்படங்கள் நம் பக்கமே திரும்பி நிற்கும். தொலைவில் உள்ள மேகங்களோ நம்மைச் சூழ்ந்த 8 பக்க வளையத்தில் ஒட்டிய படங்கள் மட்டுமே. காலை, மாலை நிறங்களை ஓவியர்கள் முன்கூட்டியே தேர்ந்து வைத்தனர். அக்காலக் கணினியின் வேகத்திற்கு இது அருமையான தந்திரம். ஆயினும் அங்கே சூரிய ஒளி மேகத்தினுள் உண்மையில் நுழையவில்லை.

2. ஒளியைக் கணக்கிடும் மேகம்

2020 ஆகஸ்டில் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும், 2022-இல் வெளிவந்த எக்ஸ்-பிளேன் 12-உம் வேறு வழியில் சென்றன. திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வானத்தை நோக்கி ஒரு கோடு செல்வதாகக் கொள்வோம். அக்கோட்டில் அடிக்கொரு தரம் நின்று கணினி இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: இங்கே நீர்த்துளி எவ்வளவு? இவ்விடத்திற்கு வந்து சேரும் வெயில் எவ்வளவு?

மேகத்தினுள் 50 மீட்டர் சென்றால் நேர்வெயில் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டரில் கால் பங்கு, 150 மீட்டரில் அரைக்கால் பங்கு மட்டுமே மிஞ்சும். தடித்த மேகத்தின் அடிப்பகுதி கறுத்திருப்பதற்கு இதுவே காரணம். மேலும், நீர்த்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கின்றன. சூரியனை மறைக்கும் மேகத்தின் ஓரம் பளீரென மின்னுவது அதனால்தான்.

இதற்காகும் உழைப்பு சிறிதன்று. 1920-க்கு 1080 திரையில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒரு கோட்டில் 64 முறை நின்றால் ஒரு படத்திற்கே 13 கோடிக் கணக்குகள்! அப்படி நொடிக்கு 30 படங்கள் வேண்டும். ஆகவே, 16 புள்ளிகளில் ஒன்றை மட்டும் புதிதாகக் கணக்கிட்டு, மற்றவற்றை முந்தைய படத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் உத்தியை 2015-இல் கெரில்லா கேம்ஸ் நிறுவனத்தார் விளக்கிக் காட்டினர்.

3. பினாங்கு வானம் எங்கிருந்து வருகிறது?

அழகு வேறு, உண்மை வேறு. எந்த மேகம் எங்கே நிற்க வேண்டும் என்பதை வானிலைத் தரவுதான் சொல்ல வேண்டும். தரவு இரு வழிகளில் கிடைக்கிறது.

முதலாவது, மெட்டார் எனப்படும் விமான நிலைய வானிலை அறிக்கை. இதில் மேகத்தின் அளவு எட்டில் எத்தனை பங்கு என்று குறிக்கப்படும். 1 அல்லது 2 பங்கு என்றால் சொற்பம், 3 முதல் 4 என்றால் சிதறல், 5 முதல் 7 என்றால் பெரும்பகுதி, 8 என்றால் முழு மூட்டம். மேகத்தின் அடி உயரமும் தெரியும். ஆனால் அது பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தைச் சுற்றிய வானம் மட்டுமே. தீவின் நடுவே 833 மீட்டர் வரை உயரும் கொடிமலைத் தொடரில், கடற்காற்று மேலேறிக் குளிர்ந்து பிற்பகலில் மேகமாகத் திரளும். அதன் வடிவத்தை ஒரு வரி அறிக்கையால் சொல்ல இயலாது.

இரண்டாவது, உலக வானிலை மாதிரி. 2020-இன் சிமுலேட்டருக்கு சுவிட்சர்லாந்தின் மீட்டியோபுளூ நிறுவனம் முன்கணிப்புத் தரவு வழங்கியது. பின்னர் மெட்டாரும் அதனுடன் கலக்கப்பட்டது. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிப்பதே மாதிரிகளின் முறை. 9 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டம் என்று கொண்டால், 293 சதுர கிலோமீட்டர் கொண்ட நம் தீவின் பரப்பு நான்கு கட்டங்களின் பரப்பைவிடக் குறைவு! கொடிமலையின் உயரம் அங்கே சராசரியில் கரைந்துபோகும். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் 'சுமத்ரா' புயல்வரிசையும் மாதிரிக்குக் கடினமான பாடமே. அது ஒரு மணி நேரம் பிந்தினாலும் திரையில் வெயிலும் வெளியே மழையுமாகிவிடும்.

4. மறைந்த ஓடுபாதை

அப்படியானால் இத்தனை உழைப்பும் வெறும் அழகுக்கா? இல்லை. 1977 செப்டம்பர் 27 அன்று சுபாங் விமான நிலையத்தை நெருங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 715, மோசமான வானிலையில் எல்மினா தோட்டத்தின் குன்றில் மோதியது. அதிலிருந்த 79 பேரில் 34 பேர் மாண்டனர். ஓடுபாதை கண்ணில் படாமலேயே, அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரத்திற்குக் கீழே விமானம் இறக்கப்பட்டதே காரணம் என விசாரணை கூறியது.

அட்டை மேகத்தில் இந்தப் பாடத்தை உணர்வது கடினம். இடைவெளியில் ஓடுபாதை ஒரு நொடி தெரிந்து மறுநொடி மறையும்போதுதான், "இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போமே" என்ற ஆசை எவ்வளவு வலியது என்று புரிகிறது.

முடிவுரை

நண்பர்களே, திரையின் மேகம் ஒளியைச் சரியாகக் காட்டுகிறது. இடத்தையும் நேரத்தையும் தோராயமாகவே காட்டுகிறது. ஆகவே ஒரு பயிற்சி செய்து பாருங்கள். சிமுலேட்டரில் பினாங்கின் நேரடி வானிலையைத் திறந்து, அதே நேரத்து மெட்டாரைப் படியுங்கள். பிறகு சன்னல் வழியே வானத்தைப் பாருங்கள். மூன்றும் எங்கே வேறுபடுகின்றன என்று குறித்து வையுங்கள். அடுத்து, தரையிறங்கும் முன்பே குறைந்தபட்ச உயரத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவ்வுயரத்தில் ஓடுபாதை தெரியவில்லையா? தயங்காமல் மேலே ஏறுங்கள்.