கவசத்தின் சுமை

பாண்டிருப்புக்கு மேற்கே விரியும் வயல்களில் பூச்சிமருந்து அடிப்போர் சிலர் முகமூடியும் கையுறையும் இன்றி நிற்பது ஏன்? அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 16 லீற்றர் தெளிகருவி நிரம்பினால் அதன் பாரம் 20 கிலோவை நெருங்கும். அதை முதுகில் சுமந்து சேற்றில் நடப்பவருடைய உடல் தானாகவே சூடேறும்.

அச்சூட்டைத் தணிப்பது வியர்வை. ஆனால் வியர்வை சுரந்தால் மட்டும் போதாது. அது உலர்ந்து ஆவியாக வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அதன்மேல் நீர்புகா உடையும் சேர்ந்தால் வியர்வை உலராது. சூடு உள்ளேயே தங்கிவிடும்.

கவசத்தைக் கழற்றிவிடுவதும் தீர்வன்று. வியர்த்து நனைந்த தோல் வழியாக நஞ்சு எளிதில் உட்புகும்.

ஆகவே மாற்ற வேண்டியது வேலை செய்யும் முறையை. அதிகாலையில், காற்று அடங்கியிருக்கும்போது தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். இடையிடையே தெளிகருவியை இறக்கி வைத்து, கையையும் முகத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவியபின், நிழலில் இருந்து நீர் அருந்த வேண்டும்.

வீட்டில் உள்ளோர் ஒன்றை மறவாதீர்கள். தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் ஆகியவை வெப்பத்தாலும் வரும், நஞ்சாலும் வரும். "வெயில்தானே" என்று படுக்க விடாதீர்கள். உடையைக் களைந்து, உடம்பைக் கழுவி, மருந்துப் போத்தலின் சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.