சாவி எங்கே இருக்கிறது?

கேள்வி: வயது முதிர்ந்த மாமியாரும் இரு குழந்தைகளும் உள்ள எங்கள் வீட்டில், தீ விபத்தை எதிர்பார்த்து என்ன ஏற்பாடு செய்து வைக்கலாம்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: திருடருக்கு அஞ்சி இரவில் கிரில் கதவைப் பூட்டிச் சாவியை அலமாரிக்குள் பத்திரப்படுத்தும் வழக்கம் நம் இல்லங்களில் சர்வசாதாரணமாகிவிட்டபடியால், அக்கினி பயத்திற்கு முதற்பரிகாரமாக நான் சொல்வது, அச்சாவி கதவருகிலேயே, குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆனால் வெளியிலிருந்து கைநீட்டுவோருக்கு அகப்படாத இடத்தில், நிரந்தரமாகத் தொங்க வேண்டும் என்பதே. புகை சூழ்ந்த இருளில் சாவியைத் தேடுவது பிராணாபத்து. மாமியாரை யார் கைபிடித்து அழைத்துச் செல்வது, அனைவரும் தெருவில் எவ்விடத்தில் கூடுவது என்பவற்றையும் இன்றே நிச்சயித்து, ஒருநாள் இரவு எல்லோருமாக நடந்து பாருங்கள்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். வாடை எழுந்த மாத்திரத்தில், எந்தச் சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டாலோ, தண்ணீர் ஊற்றுவது மகா அனர்த்தம். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடிவிடுங்கள். தீயணைப்பு நிலையத்தின் எண் 101. குழந்தைகளுக்கு அது மனப்பாடமாக இருக்கட்டும். வெளியேறியபின், நகைக்காகவோ பத்திரத்துக்காகவோ ஒருவரும் மீண்டும் உள்ளே போகவே கூடாது.